கணுக்காலும் கியர் புஷ்ஷும்

ஹட்டன் நாட்டு மருந்துக் கடையில் மழை ஈரத்தோடு ஐந்தாறு பேர் வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒருவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவருக்குத் தெரிந்த தோட்டத்துக்காரர் ஒருவர், "என்னப்பா, கால் வலி இன்னும் போகலையா?" என்று கேட்டார்.

"வலி எனக்கில்லண்ணே, பைக்குக்கு."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஆறு மாசமா கியர் ஒழுங்கா விழல. ஓங்கி ஓங்கி மிதிச்சதுல கணுக்கால் வீங்கிருச்சு. நான் வாதம்னு நெனச்சுட்டேன். தெனமும் சாயந்தரம் வீட்டுல அவதான் எண்ணெய் தேச்சு விட்டா."

"பகலெல்லாம் மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்தா?"

"ஆமாண்ணே. நானும் வெக்கமில்லாம ராஜா மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருந்தேன். போன வாரம் நோர்வூட் கராஜ்ல ரிப்பேர் பாக்குற பாஸ் கியர் லிவரைப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. பால் பல்லு மாதிரி ஆடுது. உள்ள கியர் தண்டைத் தாங்குற புஷ் தேஞ்சு போச்சாம். புதுசு போட்டதும் லேசாத் தொட்டாலே கியர் விழுது. வீக்கமும் வத்திருச்சு."

"அப்பறம் எண்ணெய் யாருக்கு?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாதமே இல்ல, எல்லாம் புஷ்ஷாலதான்னு வீட்டுல பெருமையா சொன்னேன். எண்ணெய்ப் போத்தலை என் கையில குடுத்துட்டு, அவ காலை நீட்டிட்டா."

கடைக்காரர், "சின்னப் போத்தலா, பெரிசா?" என்றார்.

"பெரிசே குடுங்க. அவ காலுக்குப் புது புஷ் எந்தக் கடையிலயும் இல்லையே."