விசில் என் கையில்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நேரம் பார்க்கத் தெரியும். கல் உடைக்கும் களத்தில் நான் மேஸ்திரி. வேலைக்கும் சாப்பாட்டுக்கும் விசில் ஊதுவது என் பொறுப்பு. அதற்கு முன் அதே களத்தில் கல் சுமந்தேன். தோளில் காய்ப்பு இன்னும் போகவில்லை.

அந்தக் காலத்து மேஸ்திரி சாப்பாட்டு விசிலைக் கொஞ்சம் தள்ளி ஊதுவார். போகப் போக இன்னும் கொஞ்சம். எங்களுக்குத் தெரியவே இல்லை. வயிறு அந்த விசிலுக்குப் பழகிவிட்டது. என் கைக்கு வந்ததும் நானும் அப்படியே ஊதினேன். "விசிலுக்குள்ள இருக்குற உருண்டை தூங்கிப்போச்சா, மேஸ்திரி?" என்று ஒருத்தி ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

என் தங்கை நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். கேட்பது, பேசுவது, படிப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் பயம். ஒரு நோயாளியின் நிலையை இன்னொரு டாக்டருக்கு விளக்கி, குறித்த நேரத்துக்குள் கடிதம் எழுத வேண்டுமாம். கடிகாரத்தைப் பார்த்தாலே பதறுகிறது என்றாள். நீ சுவரைப் பார்த்து எழுது, நேரத்தை நான் பார்க்கிறேன் என்றேன். போனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அம்மா பக்கவாதத்தில் கிடந்தாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் தங்கைதான். அவள் போய்விட்டால் யார் செய்வது? நீங்களே சொல்லுங்கள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேரம் முடிந்த பிறகும் கொஞ்சம் பொறுத்து, "போதும்மா, பேனாவை வை" என்பேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

அவசரமில்லாமல் எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படித்துத் திருத்தினாள். நேரம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் கோணிய வாயால் சிரிப்பாள். அப்போது வீடு நன்றாகத்தான் இருந்தது.

பரீட்சை முடிவு வந்தது. மற்றதிலெல்லாம் நல்ல மதிப்பெண். எழுத்தில் போய்விட்டது. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசிப் பத்திக்கு வரலண்ணா, அதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டாங்க. வீட்ல முடிக்கிறேனே. அங்க மட்டும் என் கைக்கு என்ன ஆகுது?"

"பயம்தாம்மா. சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பயம் ஜாஸ்தி."

நம்பினாள். நான் சொல்வதை அவள் எப்போதும் நம்புவாள். இடது கையால் வலது கையை அடித்தாள், சொன்னதைக் கேட்காத பிள்ளையை அடிப்பதுபோல.

மறுபடி எழுதினாள். மறுபடியும் போயிற்று. படபடப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு எழுதியும் பார்த்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. பிறகு அவளுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. இங்கே வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஊசி போட வேண்டிய நேரத்தில் பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அவளைப் படுக்கை விரிப்பு மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நரம்பு தெரியாத குழந்தைக்கும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிய கை அது.

அம்மாவுக்காகத்தான் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டோம். கூடம் பெரிதாகத் தெரிகிறது. நான் வேலை முடிந்து வரும்போது தங்கை விளக்கைப் போட்டு, சோறு வடித்து வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன் என்று பரீட்சைக்குப் பதிந்திருக்கிறாள். நேற்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"நேரம் பாருண்ணா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

பார்த்தேன். நேரம் முடிந்தது. அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். பாவம், முடித்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.