தொட்டுப் பார்க்காத நெஞ்சு

குவாரிப் பாதுகாப்பு விழாவின் தலைமையை அலங்கரிக்கும் ஆனையூர் அண்ணன் அழகுபாண்டி அவர்களே! ‘தொழிலாளர் நலச் செம்மல்’ என்று சற்றுமுன் பட்டம் சூடிய எங்கள் குவாரி மருத்துவர் ஐயா அவர்களே! கல்லோடு மல்லுக்கட்டிக் காலம் கழித்த பெரியோர்களே! தூசிக்குள் தூக்குவாளி சுமந்து வரும் தாய்மார்களே! அவனியாபுரத்து மேடையிலிருந்து அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்!

பட்டம் பெற்றவரைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். பாராட்டாமல் விடுவேனா? அதற்குமுன் இன்னொரு மருத்துவரைச் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய மண்ணில் ஒரு சுரங்க ஊருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். பேரா? என் வாயில நுழையல மாப்ள, விட்டுடு!

அந்த மனிதர் பிழைக்கத் தெரியாதவர். சும்மா இருக்காமல் சுரங்கத்துக்குள் இறங்கினார். உலைக்களத்தில் உட்கார்ந்தார். பாறை உடைக்கிறவனிடமே உட்கார்ந்து கேட்டார். தூசி நுரையீரலை அரிக்கிறது என்று எழுதினார். முகத்தை மூடிக்கொள் என்று எழுதினார். ஏழு கணவரை மணந்து, ஏழு பேரையும் அந்த நோய்க்கே பறிகொடுத்த பெண்கள் மலைநாட்டில் உண்டு என்றும் எழுதினார். இருபது ஆண்டு உழைத்த நூல் அச்சாகி வருமுன் மாண்டார். அவர் தலைவராக இருந்த நகரமே, மதம் வேறென்று புதைக்க ஆறடி தர மறுத்தது. பட்டம் கிடைத்ததா? பொன்னாடை கிடைத்ததா? மூச்!

நம் ஐயா விவரமானவர். குவாரிப் பள்ளத்தில் கால் வைத்ததே இல்லை. தூசி அவர் ஷூவுக்கு ஆகாது! ஆய்வுக்கு அதிகாரி வரும் காலையில் எங்களுக்கு மாஸ்க் தருவார்கள்; போட்டோ எடுப்பார்கள்; சாயங்காலம் திரும்ப வாங்கி மூட்டை கட்டுவார்கள். அடுத்த வருசம் அதே மாஸ்க், அதே போட்டோ, அதே இளிப்பு! சிரிக்காதீங்கம்மா, வயிறு எரியுது எனக்கு.

முன்வரிசையில் இருமுகிறானே, துளை மெஷின் ஓட்டும் சிவபாண்டி, அவன் சோழவந்தான்காரன். வெற்றிலைக் கொடிக்கால் ஊரில் பிறந்தும் வெற்றிலை போடாதவன். பீடியைக் கையால் தொடாதவன். ஐயா எழுதித் தந்த சீட்டில் என்ன இருக்கிறது? ‘பீடி இருமல்!’ அந்தச் சீட்டைக் காட்டித்தான் நாளைக் காலையும் அவனை அதே மெஷினுக்கு அனுப்பப் போகிறார்கள். அவன் மனைவி பாண்டிச்செல்வி நேற்று என்னிடம் அழுதாள். “அண்ணே, நெஞ்சுல குழாய வச்சுப் பாத்திருந்தாகூட மனசு ஆறும். அந்த டாக்டரு இம்புட்டு நாளும் தலையே நிமிந்து பாக்கலண்ணே!”

தலைவர் மணி அடிக்கிறார். முடிச்சுட்டேன்ணே! பேச விட்ட உங்களுக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட ஊருக்கு வணக்கம்.

ஏ சிவபாண்டி, மேல வாப்பா. டாக்டர் ஐயா, எந்திரிங்க. குழாயை எடுங்க, அவன் நெஞ்சுல வைங்க. இந்தா, மைக்கையும் பக்கத்துல பிடிக்கிறேன். ஊரே கேட்கட்டும்.

சிவபாண்டி, மூச்சை நல்லா இழுத்து விடுப்பா!