குறைகள்: பூஜ்யம்

மஞ்சள் எனக்கு எடுக்காது என்று என் மனைவி எப்போதும் சொல்வாள். இருந்தாலும் அந்தப் பாதி மஞ்சள், பாதி நீல டி-ஷர்ட்டை மூன்று நாள் நான் கழற்றவே இல்லை. அவ்வளவு சந்தோஷம், சார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மஞ்சள் எங்கள் கம்பெனி. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதி, மூலநிரலை ஊருக்கே திறந்து வைப்போம். நீலம் எங்கள் பரம எதிரி. மருந்து ஏற்றும் பம்பு அவர்களுடையது. அதற்குள் ஓடும் நிரலில் ஒரு வரியைக்கூட வெளியே காட்டமாட்டார்கள். நாங்கள் அவர்களைப் பூட்டுக்கடை என்போம். அவர்கள் எங்களைச் சத்திரம் என்பார்கள். பன்னிரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த இரண்டு வீட்டையும் சம்பந்தி ஆக்கியவன் நான். எங்கள் திரையில் டாக்டர் அளவைப் போட்டால், அவர்கள் பம்பு அப்படியே ஏற்றும். கையெழுத்தான அன்று பூட்டுக்கடை மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, "யோவ் சத்திரம், இத்தனை நாள் உன்னைத் திட்டினதுக்கெல்லாம் சேர்த்துப் பெரிய கேக்கா வாங்கி வச்சிருக்கேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அறிமுக விழா அன்று, மென்பொருளில் பிழை கண்டவர்கள் எழுதும் குறைப்பட்டியல் காலியாக இருக்க வேண்டும். எங்கள் பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பாவம், அவர்களுக்கு அது கூச்சம். புதுச் சம்பந்தி வரும்போது வீட்டைக் கூட்டி வைக்கமாட்டோமா?

ஒரு மருத்துவமனையில் மட்டும் முன்கூட்டியே ஓடவிட்டிருந்தோம். விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அங்கிருந்து ஒரு நர்ஸ் பட்டியலில் எழுதினார்: "ஒண்ணு புள்ளி அஞ்சு போட்டா பதினஞ்சு ஏறுதுங்க. சீக்கிரம் பாருங்க."

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. உடனே சோதித்தேன். எனக்கும் புள்ளி சமர்த்தாகக் காணாமல் போய்ப் பதினைந்துதான் ஏறியது. "எங்களிடம் இப்படி நடக்கவில்லை" என்று எழுதி, ஒரு சிரிப்பு முகமும் போட்டுக் குறையை மூடினேன்.

மூன்றாம் நாள் அவர் மறுபடி திறந்தார். "ஒருத்தர் போயிட்டாருங்க." அதையும் மூடினேன். இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டும் போட்டேன். பூட்டுக்கடைச் சகவாசம் ஒட்டிக்கொண்டதே என்று எனக்கே ஒரே சிரிப்பு. மருத்துவமனையில் என் பதிலைப் படித்துவிட்டு, நர்ஸ்தான் தப்பாக அழுத்தியிருப்பார் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

விழாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பலூன், பாட்டு, பெரிய திரையில் 'குறைகள்: பூஜ்யம்'. பூட்டுக்கடைக்காரர் ஆனந்தத்தில் அழுதேவிட்டார். நானும்தான்.

நான் எதையும் மறைத்ததாக மட்டும் எழுதாதீர்கள். மூடிய குறையையும் யாரும் படிக்கலாம், எங்களிடம் எல்லாமே திறந்துதான் கிடக்கும்.

சரிசெய்யும் நிரலா? இரண்டே வரி. நர்ஸ் எழுதிய அன்று மதியமே எழுதி முடித்துவிட்டேன். மேடையில் முதல் கூட்டு மேம்பாடு என்று அறிவிக்க ஏதாவது வேண்டுமே, அதனால் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்குள் ஆறு பேர். அந்த இரண்டு வரியை வெளியிடும் பொத்தானை நானும் பூட்டுக்கடைக்காரரும் கைகோத்து அழுத்தினோம். போட்டோ இருக்கிறது, பாருங்கள் சார். அதில் மஞ்சள்கூட எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.