கராஜில் பிரித்த பங்கு

நீங்கள் மத்தியானம் தந்த சாண்ட்விச்சைத் தொடாமல் வைத்ததற்குக் குறை நினைக்க வேண்டாம். உள்ளே கோழி இருந்தது. நான் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுகிறவன். விரதம் என்றில்லை, என் வேலை அப்படி. நரிப் பண்ணையில் தீனி அரைக்கிறவனுக்கு இறைச்சியைக் கண்டால் வாய் ஊறாது. மொழிபெயர்க்க வந்த தம்பி இதையும் சேர்த்துச் சொல்லிவிடட்டும். நான் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிக்கிற அதிகாரி அம்மாவுக்கு முதலே தெரிந்திருப்பது நல்லது.

என் பெயர் அருமைராசா. பண்ணை மொன்றியலுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே வெள்ளிநரியும் நீலநரியும் ரோமத்துக்காக வளர்க்கிறோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேறு வேலை கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, ஆனால் விட்டுப்போக மனம் வரவில்லை. அந்தச் சீவன்களை என்னைப்போல் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று முதலாளியே சொல்லுவார்.

தீனி என்பது பெரிய வித்தை இல்லை. கோழித் தலை, கோழிக் கால், மீன் குடல், மாட்டுக் குடல், உறைந்த ரத்தம் என்று மனிதர் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் எங்களுக்கு வரும். இயந்திரத்தில் போட்டு அரைத்தால் சாம்பல் நிறத்தில் களிபோல வரும். அதை அள்ளிக் கூட்டின் கம்பிவலைக்கு மேலே அப்பிவிட வேண்டும். நரி உள்ளே நின்று வலையின் ஓட்டைவழியே நக்கித் தின்னும். கோடைகாலத்தில், தின்று மிஞ்சி வலையில் ஒட்டிக்கிடப்பதில் புழு நெளியும். நரி அதையும் நக்கிவிடும். கூட்டுக்குக் கீழே பீ குவிந்து கிடக்கும், மூத்திர நெடியில் கண் எரியும். புதிதாக வருகிறவர்கள் வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுப்பார்கள். நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

இனம் பெருக்குவதில்தான் கவனம் வேண்டும். தாய்நரி பயந்தால் போட்ட குட்டியைத் தானே கடித்துத் தின்றுவிடும். மற்றவர்கள் கதவை அடித்துச் சாத்துவார்கள், பாட்டுப் போடுவார்கள். குட்டி போடுகிற காலத்தில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு கூடுகளுக்கிடையில் நடப்பேன். அப்படியிருந்தும் சில தாய்கள் தின்னும். பின்னங்காலும் வாலும் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். அதை எறிய மாட்டேன், அடுத்த நாள் களிக்குள் போட்டு அரைத்துவிடுவேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

குளிர் தொடங்கி மயிர் தடித்ததும் கொல்லுவோம். தோலில் கீறல் விழக் கூடாது. அதனால் வாயில் ஒரு கம்பி, பின்பக்கத்தில் ஒரு கம்பி, பிறகு மின்சாரம். தோலை உரித்தபின் மிஞ்சுவது கொழுப்பும் சிவப்புமாக ஒரு உடம்பு. தலையையும் பாதங்களையும் வெட்டிவிட்டால், அது என்ன மிருகம் என்று பழகாதவர்களால் சொல்ல முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

இனி என் மச்சான் ஞானேந்திரனைப் பற்றி. என் மனைவி தவமலரின் தமையன். மொன்றியலில் ரொக்ஸ்பரோப் பக்கம் அவர் பெரிய வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று நான் இரண்டு தரம் குளித்து, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே என்னை மறித்தார்.

"மச்சான், குறை நினையாதையும். மேலை சனம் சாப்பிடுது. நீர் கராஜிலை இருமன், தவமலர் கொண்டுவந்து தருவா."

"ஏன் மச்சான்?"

"ஏனெண்டு கேக்கிறீர். உம்மட்டை நரி மணக்குதடாப்பா."

தவமலர் கடதாசித் தட்டில் சோறு கொண்டுவந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். கட்டின மனைவி. அவளுக்குப் பின்னால் ஞானேந்திரனின் மனைவி, கடைக்குப் போக ஜக்கற் மாட்டிக்கொண்டு கராஜுக்குள் இறங்கினாள். அந்த ஜக்கற்றின் தொப்பி விளிம்பில் நரிமயிர் வைத்துத் தைத்திருந்தது. அது அவளுடைய கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தது. நான் தீனி போட்டு வளர்த்த நரியாகக்கூட இருக்கலாம். அது மணக்கவில்லை, நான்தான் மணந்தேன். மூக்கைப் பொத்தாமல் என்னிடம் வந்து நின்றவள் அவர்களுடைய மகள் சாம்பவி மட்டும்தான். "மாமா, ஏன் இஞ்சை தனிய இருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். அதை நான் மறக்கவில்லை.

அதிகாரி அம்மாவுக்குப் பங்கு என்றால் தெரியாது. எங்கள் ஆட்கள் கடையில் வாங்குகிற இறைச்சியை நம்ப மாட்டார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆடு அடிப்பிப்பார்கள். இறைச்சியைப் பொலித்தீன் விரித்துக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் நெஞ்செலும்பு, கொஞ்சம் தொடை விழ வேண்டும், இல்லாவிட்டால் மனவருத்தம் வந்துவிடும். நரிப் பண்ணைக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற ஒருவர் இருந்ததால் ஆடு கொண்டுவருகிற வேலை என் தலையில் விழுந்தது. பிரிப்பது ஞானேந்திரனின் கராஜில். அங்கே இருக்க எனக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு.

முதல்தரம் நான் வேண்டுமென்று செய்யவில்லை. கந்தசஷ்டி விரதம் முடிந்து எல்லோரும் இறைச்சிக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்காரர் கடைசி நேரத்தில் ஒரு ஆடு சுகமில்லை, தர முடியாது என்றுவிட்டார். வெறுங்கையோடு போனால் யாருடைய வாயில் விழுவேன் என்று எனக்குத் தெரியும். அன்று பண்ணையில் உரிப்பு நாள். தொடையும் முதுகு இறைச்சியுமாக நல்ல பகுதிகளை மட்டும் எடுத்தேன். வாலடியில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது உடைந்தால் நாற்றம் போகாது. அதைப் பக்குவமாக அகற்றினேன். உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு ஊறவைத்துக் கழுவினேன். பிறகு ஆட்டுத் துண்டின் அளவுக்கு வெட்டி, ஆட்டோடு கலந்தேன். சுத்தமாகத்தான் செய்தேன். எந்தக் கசாப்புக் கடையும் அவ்வளவு சுத்தமாகச் செய்யாது.

அடுத்த நாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து விமலநாதன் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன் ஒருநாளும் எனக்கு எடுத்தவர் இல்லை.

"அண்ணை, இந்தமுறை ஆடு திறமப்பா. பிள்ளையள் எலும்பைக்கூட விடேல்லை. எங்கை பிடிச்சனீங்கள்?"

"அது எனக்குத் தெரிஞ்ச இடம்," என்றேன்.

பிறகு வேறு ஆட்களும் எடுத்தார்கள். கோயிலில் என்னைக் கண்டால் விலகி நிற்கிற ஆட்கள். அதற்குப் பிறகு ஆடு குறையாத வருடங்களிலும் நான் கலந்தேன். நல்லது என்று எல்லோரும் சொன்ன ஒன்றை நிறுத்துவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அவர்கள் விரலை நக்கியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. மூக்கைப் பொத்துகிற சனம் வாயைப் பொத்தவில்லை.

பங்கு பிரிக்கும்போது ஆண்கள் கராஜ் வாசலில் அடுப்பு மூட்டி, கையில் விஸ்கியோடு நிற்பார்கள். சில துண்டுகளை உப்பும் மிளகும் போட்டுச் சுட்டுக் கொடுக்க வேண்டும். அதுவும் என் வேலை. ஞானேந்திரனுக்கு ஒரு பழக்கம்.

"ராசா, கருக்கிப்போடாதையும். வெளியாலை சூடு பட்டால் காணும். உள்ளுக்கை ரத்தம் நிக்கோணும்."

அப்படியே கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கலந்த குவியலில் இருந்து எடுத்து, உள்ளே வேகும்வரை சுட்டேன். மச்சானுக்கு மட்டும் ஆடு கலக்காமல் தனி நரியாக எடுத்து வைத்திருந்தேன். சொந்தம் அல்லவா. சிவப்புத் தண்ணீர் நாடியில் வழியத் தின்பார். புறங்கையால் துடைத்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டுவார். காற்று என் பக்கமிருந்து வீசினால் மட்டும் ஓரடி தள்ளி நின்றுகொள்வார்.

இந்தப் புழு விஷயத்தை நான் மறைக்கப் போவதில்லை. கடந்த இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் கரடி அடித்து, நல்லதைத் தாங்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கள் பண்ணையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் கொழுப்பைத் தின்றால் நரிக்கு மயிர் மினுங்கும். பண்ணைக்கு வருகிற மிருக வைத்தியர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இதைப் பச்சையாகப் போடாதே, கரடித் தசையில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கும், தின்கிற நரியின் தசைக்குள் போய்க் குடியிருக்கும், குளிரில் உறையவைத்தாலும் சாகாது. அந்த நரியை இன்னொன்று தின்றால் அதற்கும் வரும், மனிதருக்கு வந்தால் காய்ச்சலும் உளைவும் வந்து கண்மடல் வீங்கும். பிறகு அவரே சிரித்தார். நரியை யார் தின்னப் போகிறார்கள் என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவிப்பதற்கு நேரமில்லை. பச்சையாகத்தான் அரைத்துப் போட்டேன். அந்த வருடம் மயிர் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கறியாகச் சமைத்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் பெண்கள் இறைச்சியை வடிவாக அவிய விடுவார்கள். சூடு பட்டால் அந்தப் புழு செத்துவிடும். மச்சான் நான் அரைவேக்காட்டில் சுட்டுக்கொடுத்ததைத் தின்றார்.

முதலில் வயிற்றோட்டம் என்றார்கள். பிறகு காய்ச்சல், கை கால் உளைவு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய கண்மடல்கள் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. வாசலில் நின்று பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. மிருக வைத்தியர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. டாக்டர் ஒரு பெண். அவரும் கெட்டிக்காரி. சாம்பவியைக் கூப்பிட்டு, பன்றி, கரடி, வேட்டை இறைச்சி ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். அப்படியென்றால் அதற்கு மருந்து இருக்கிறது, இதயத்தைப் பிடிப்பதற்கு முன் உடனே தொடங்க வேண்டும் என்றார். எனக்கும் பிரெஞ்சு விளங்கும்.

சாம்பவி என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்பா மாடு பன்றி ஒண்டும் தொடமாட்டார். பங்கு இறைச்சி மட்டும்தான். அது ஆடுதானே?"

"ஓம் பிள்ளை. ஆடுதான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ மாமா. டாக்டர் திருப்பித் திருப்பிக் கேக்கிறா."

"ஆடு பிள்ளை. நானே வெட்டினது."

அவள் போய்ச் சொன்னாள். டாக்டர் நேரே என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார். நானும் பிரெஞ்சில் ஆடு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வேறு பரிசோதனைகளுக்கு எழுதினார்.

என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். நரி என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஊரில் உள்ள எல்லோரிடமும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன். அவளிடம் மட்டும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்களுக்காக ஓடித்திரிந்தேன். சாமான் வாங்கிக் கொடுத்தேன், ஆட்களை ஏற்றி இறக்கினேன். அப்படியொரு நாள் ஞானேந்திரனின் மனைவி கராஜ் கதவடியில் நின்று, "அண்ணை, ஏன் உதிலை நிக்கிறியள், மேலை வாங்கோ," என்றாள். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பீங்கான் தட்டு வைத்தார்கள். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். சாம்பவி பரிமாறினாள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. அந்த மேசையில் இருந்துகொண்டு, இப்போது சொல்லலாமா என்று யோசித்தேன். அப்போதும் நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி நம்பர் என் பையிலேயே இருந்தது. பெயர் சொல்லாமல்கூட எடுத்திருக்கலாம். இரண்டாம் தரம் சோறு போடட்டுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

பின்னேரம் அவரைப் பார்க்கப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராசா, நீர்தான் எல்லாத்துக்கும் ஓடித்திரியிறீராம். என்னை மன்னிச்சுக்கொள்ளும். வீட்டை வந்த உடனை, மேலை என்ரை பக்கத்திலை இருந்து சாப்பிடோணும் நீர்."

"ஓம் மச்சான்," என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். வெளியே டாக்டர் நின்றார். கடந்து வந்துவிட்டேன்.

அன்றே இதயம் நின்றுவிட்டது. செத்தவீட்டில் நான் குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றேன். பிறகு உங்கள் ஆட்கள் விமலநாதன் வீட்டுக் குளிர்பெட்டியில் மிஞ்சியிருந்த பங்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். செய்தி பரவியதும் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சீ, என்ன மனிதர். பிள்ளையள் எலும்பைக்கூட விடவில்லை என்று சொன்னதும் அதே வாய்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: நரி இறைச்சியை நான்தான் கொடுத்தேன், புழு இருக்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன், மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் எழுத வேண்டும். நான் சொல்லியிருந்தால் மச்சான் பிழைத்திருப்பார், பிழைத்து, தான் தின்றது என்ன என்று நினைத்து நினைத்து ஆயுள் முழுக்க அருவருத்துக்கொண்டு இருந்திருப்பார். அவர் ஆட்டிறைச்சி தின்ற மனிதனாகவே போய்ச் சேர்ந்தார், அந்த அளவுக்காவது அவரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.