ஆகாதவன் மாத்துன மடை

கிணத்துல மாடு கட்டிக் கூனையால தண்ணி இறைக்கிற சத்தத்துலதான் ஊரு கண்ணு முழிச்ச காலமாம் அது. கரிசக்காட்டுல முள்ளிக்கரிசல்னு ஒரு ஊரு. அங்க வெயிலுமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன் வழி. சிரிக்காதீங்க, நம்ம ஆளுதான். நல்ல உழைப்பாளி, ஆனா விடிஞ்சா கள்ளு, அடைஞ்சா கள்ளு. ஒம்பது வருசமா அப்படித்தானாம்.

அவருக்கு ஒரு சகலை. பேரு சோலையப்பன். வெயிலுமுத்து மூத்தவள் உச்சிமாகாளியக் கட்டினவரு, சோலையப்பன் அவ தங்கச்சியக் கட்டினவன். எல்லாரும் அதே ஊருதான். ரெண்டு பேரும் எதுத்தாப்ல வந்தா ஒருத்தன் வேலியப் பாப்பானாம், இன்னொருத்தன் வானத்தப் பாப்பானாம்.

மாமனார் வீட்டுல ஒரு வழக்கம். சித்திரையில கோயில் கொடைக்குக் கிடா வெட்டினா, தலைக்கறி மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் போகணும். அந்த வருசமும் வெயிலுமுத்து போதையோட போயி மொத இலையில உக்காந்தாராம். சட்டியத் தூக்கிட்டு மாமனார் வாராரு. வாராரு, வாராரு, இவரு இலையத் தாண்டிப் போறாரு! தலைக்கறிய அப்படியே சோலையப்பன் இலையில வச்சிட்டாராம்.

அடியாத்தீ! வெயிலுமுத்துக்கு வயிறு பத்தி எரிஞ்சுதாம். சோறு இறங்கல. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட குதிச்சிருக்காரு.

"அவன் என்னத்தக் கிழிச்சிட்டான்னு அவனுக்குத் தலைக்கறி?"

"அவரு கள்ள விட்டுட்டாரு. பங்குனி பொறந்ததுல இருந்து தொடல."

"அவனே விட்டுட்டான், நான் விட மாட்டேனா? நாளைக்கே விடுறேன் பாரு!"

உச்சிமாகாளி இந்த நாளைக்கே நாளைக்கேய ஒம்பது வருசமாக் கேட்டவ. இந்தத் தடவை அழலையாம், நிதானமாச் சொல்லியிருக்கா. "சரி. நாளைக்குப் பொழுதடைய கஞ்சி கொண்டாருவேன். உம்ம மேல வாசம் அடிச்சுதுன்னா அப்படியே நடந்து என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அங்கயே ஒரு மூலையில கெடந்துக்கிடுவேன்."

எங்க போவேன்னு சொல்லுறா பாத்தீங்களா? அப்பன் வீட்டுக்குன்னா கூடப் பொறுத்திருப்பாரு. அந்தச் சோலையப்பன் வீட்டுக்கு! மனுசனுக்குத் தூக்கம் வருமா?

விடியக்காலம் தோட்டத்துக்குப் போயி கமலையில மாட்டைப் பூட்டுறாராம். கை நடுங்குது, கயித்துல முடிச்சு விழல. கமலைன்னா ஒத்த ஆளு வேலை இல்ல. மாடு சரிவுல இறங்கும்போது ஒருத்தன் வடக்கயித்து மேல உக்காந்து கிணத்துல இருந்து கூனையத் தூக்கணும். வர்ற தண்ணிய இன்னொருத்தன் பாத்தி பாத்தியாத் திருப்பி விடணும், அதுதான் மடை மாத்துறது. யாரு வந்தான்னு நினைக்கிறீங்க? மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு சோலையப்பன்.

"மடை மாத்த ஆளு இல்லன்னு மதினி சொன்னாங்க அண்ணாச்சி."

சொன்னாளாம்! வேவு பாக்க அனுப்பியிருக்கான்னு இவருக்குப் புசுபுசுன்னு கோவம் வந்திருக்கு. வேண்டாம்னு சொன்னா, பயந்துட்டான்னு ஊரு பேசும். "நில்லு, எனக்கென்ன"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு மாட்டை ஓட்டியிருக்காரு.

வெயில் ஏற ஏற என்ன பாடு! தோலுக்கடியில எறும்பு ஊருது. வேர்த்துக் கொட்டுது, குளிரவும் செய்யுது. வாந்தி. தல கிறுகிறுங்குது. இறங்கு, ஏறு. இறங்கு, ஏறு. அந்தப் பக்கம் சோலையப்பன் கம்மங்கூழக் குடிச்சிட்டு, வெங்காயத்தக் கறுக்குன்னு கடிக்கிறான். அந்தச் சத்தம் கூட இவருக்கு ஆகலையாம். எப்படிக் கடிக்கிறான் பாரு, எப்படிக் கண்ணு வெளேர்னு இருக்கு பாரு, எப்படிக் கை ஆடாம நிக்கிது பாருன்னு அவனையே பாத்துப் பாத்து வெந்திருக்காரு. வேகுறதுலயே உச்சிப்பொழுது வந்துட்டுது.

அந்நேரம் வரப்புல கள்ளு இறக்குறவரு கலயத்தோட வாராரு. காத்து வேற இவரு பக்கமா அடிக்குது.

"என்ன மூத்த மாப்பிள்ளை, காலையில ஆளையே காணும்? ஒரு பட்டை ஊத்தட்டா?"

மனசு வேண்டாம்னுது, காலு கேக்கல. வடத்துல இருந்து இறங்கிட்டாரு. நாக்கு ஊறுது. ரெண்டு எட்டு வச்சதும் சோலையப்பன் பாக்கானான்னு திரும்பினா, அவன் இவரப் பாக்கவே இல்ல. அவன் கண்ணு கலயத்துல இருக்கு! மம்பட்டி அப்படியே நிக்கிது, மடை உடைஞ்சு தண்ணி பாத்திய விட்டு வெளிய போகுது, அவனுக்குத் தெரியல.

அப்பத்தான் அந்த எரிச்சல் பிடிச்ச மனசுல ஒரு கெட்ட யோசனை. இவன் குடிச்சுட்டான்னா? தலைக்கறி போச்சு, மரியாதை போச்சு, பொண்டாட்டி போறேன்னு சொன்ன வீடும் போச்சு!

"தம்பிக்கு ஊத்துங்க மொதல்ல"ன்னாராம். பாவி மனுசன்!

மடிச்ச பனையோலைப் பட்டையில நுரைக்க நுரைக்கக் கள்ளு. சோலையப்பன் ரெண்டு கையாலயும் வாங்கிட்டான். காலையில இருந்து ஆடாத கை இப்ப ஆடுதாம். குடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. கண்ணுல தண்ணி.

"அண்ணாச்சி, நான் விட்டது இது நாலாம் தடவை. முந்தின மூணு தடவையும் மொத நாளு உச்சிக்கு முன்னாலயே விழுந்துட்டேன், ஊருக்குத் தெரியாது. உங்க இலையில விழுற தலைக்கறியப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுதான் இந்தத் தடவை விட்டேன். இப்ப என்னடான்னா நீங்க மொத தடவையே உச்சி வரைக்கும் நிக்கிறீங்க. எனக்குத் தாங்கல அண்ணாச்சி."

தன்னப் பாத்தும் ஒருத்தன் பொறாமைப்படுறான்னு ஒம்பது வருசத்துல வெயிலுமுத்துக்குத் தெரிஞ்சது அன்னைக்குத்தான். கள்ளுல கிடைக்காத ஒரு குளிர்ச்சி நெஞ்சுல இறங்கிச்சாம். அடுத்த நிமிசமே கோவம். ஓடிப்போயி பட்டையப் பிடுங்கி வாய்க்கால்ல கவுத்துட்டாரு.

"ஏலே! நீ குடிச்சுட்டா நான் யாரப் பாத்து எரியுறது? உடைஞ்ச மடைய அடை!"

அப்புறம் பொழுதடைய இறைப்புதானாம். இவன் சாயுறானான்னு அவரு பாக்க, அவரு சாயுறாரான்னு இவன் பாக்க, தோட்டம் பூராவும் நனைஞ்சு போச்சு.

உச்சிமாகாளி கஞ்சியோட வாரா. கலயத்த வாங்க இவரு கைய நீட்டுறாரு. குப்புன்னு வாசம்! கவுத்த கள்ளு கையில பட்டிருக்கே, கழுவணும்னு மனுசனுக்குத் தோணல. அவ முகம் செத்துப் போச்சு. கஞ்சியக் கீழ வச்சிட்டுத் திரும்பி நடக்கா.

"உச்சி, சத்தியமா நான் குடிக்கலடி!"

ஒம்பது வருசமாக் கேட்ட சத்தியம், நிப்பாளா?

"மதினி, வாசம் கையிலதான், வாயில இல்ல. நான் குடிக்கப் போனேன், அண்ணாச்சிதான் பிடுங்கிக் கொட்டினாரு."

நின்னா. வந்தா. "ஊதும்"னா. ஊதினாரு. கஞ்சி வாசம் கூட இல்லாத வெறும் வாய். அப்படியே உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாளாம். இவருக்கு அப்பவும் பாருங்க, நான் சொன்னா நம்பல, அவன் சொன்னதும் நம்பிட்டாளேன்னு எரிஞ்சுதாம்!

மறு கொடையில மாமனார் தலைக்கறிய ரெண்டாப் பிளந்து வச்சாரு. எவன் பாதி பெருசுன்னு ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் சண்டையாம். ஆனா ரெண்டு பேரும் கள்ளத் தொடல.

அந்தக் கிணத்துக்குச் சகலை கிணறுன்னு பேராகிப் போச்சு. இப்ப கமலையும் இல்ல, மாடும் இல்ல. ஆனாலும் நம்ம ஊருல எவனாவது குடிய விடுறேன்னு கிளம்பினா, மொத நாளு அந்தக் கிணத்து மேட்டுல வாளி போட்டு இறைக்கணும். மடை மாத்த கூட்டாளியக் கூப்பிடக் கூடாது, அவன் பாவம் பாத்து ஊத்திக் குடுத்துருவான். எவன் மூஞ்சியப் பாத்தா ஆகாதோ அவனைத்தான் கூப்பிடணும்.

நானும் ஒரு நாளு அங்க இறைச்சவன்தான். மடை மாத்துனது யாருன்னு கேக்காதீங்க. இருபத்தியொரு வருசம் ஆச்சு, அந்தாளப் பாத்தா எனக்கு இன்னும் ஆகாது. நல்லா இருக்கட்டும்.