நிறுத்தச் சொன்ன மாத்திரை

— நீயே கேளும்மா. நைனா திருட்டுத்தனமா இன்னா வேல பண்ணிகினு இருந்தாருன்னு நீயே கேளு.

— ஏய் கயலு, வாசப்படியிலயே ஆரம்பிக்காதடி. அந்தாள மொதல்ல குந்த வுடு. யோவ், மூஞ்சி ஏன்யா இப்பிடி தொங்கிப் போய் கீது? டாக்டரு இன்னா சொன்னாரு?

— ஒண்ணுமில்லமே. பஸ்ஸுல நின்னுகினே வந்தது, இடுப்பு வலி. அதான்.

— ஒண்ணுமில்லையா? நைனா, கூசாம பொய் சொல்லாத. அந்தப் புத்துநோய்க் கட்டி எலும்புக்குப் போய்ட்சாம்மா. இடுப்பு எலும்பு, முதுகுத்தண்டு, எல்லாத்தையும் படத்துல காட்டுனாரு. தை மாசம் என் கல்யாணத்துக்கு இவரு இருப்பாரான்னு கேட்டேன். டாக்டரு படத்த எடுத்து உறையில போட ஆரம்பிச்சிட்டாரு.

— அய்யய்யோ! கட்டி அமுங்கிப் போச்சுன்னு போன வருசம் சொன்னாங்களேடி! ஆபரேசன்னு கூட்டினு போய், ஆம்பளைக்கு எது அடையாளமோ அதையே அறுத்துப் போட்டாங்களே! அது பத்தாதா இந்தப் பாழாப் போன நோவுக்கு?

— மெதுவாமே. பக்கத்து வூட்டுல ஆளு கீது.

— அதுக்குத்தாம்மா எடுத்தாங்க. ஆம்பளை ஹார்மோன் அந்த வெதையிலதான் ஊறுது, அந்த ஹார்மோன்தான் கட்டிக்கு சோறு. ஒடம்புல பல எடத்துல அத வாங்கிக்கிற வாசல் கீதாம். தாடி மொளைக்கிற எடத்துல கீது, சதையில கீது, கட்டியிலயும் கீது. ஆபரேசனுக்கு அப்புறமும் வேற எடத்துலேர்ந்து கொஞ்சம் ஊறும். அது உள்ள பூந்துடாம, டாக்டரு குடுத்த மாத்திர போய் வாசல அடைச்சிகினு குந்திக்கும்.

— நல்லதுதானே பண்ணுது. அப்புறம் ஏன்டி நடுவுல நிறுத்தச் சொன்னாங்க?

— அப்ப நைனாகிட்ட வெளக்கமா சொல்லல, நிறுத்துன்னு மட்டும் சொன்னாங்க. இன்னிக்கு நான்தான் வுடாம கேட்டேன். பட்டினி போட்டா கட்டி சும்மா கெடக்குமா? இன்னும் நெறைய வாசல தொறந்து வெச்சிச்சாம். அதுவும் பத்தாம வாசலோட அமைப்பையே மாத்திகிச்சாம். கடைசில தடுக்கப் போன மாத்திரையவே சோறா துன்ன ஆரம்பிச்சிட்சி.

— இன்னாடி சொல்ற? மாத்திர... கட்டிக்கு சோறா?

— ஆமாம்மா. நிறுத்துனா கட்டி தானா சுருங்கும்னு டாக்டரு நம்பிகினு இருந்தாரு. இன்னிக்கு ரத்தத்தப் பாத்துட்டு, ஈரல் கெட்டுக் கீதே, இன்னும் மாத்திர துன்றியாப்பான்னு கேக்குறாரு. நைனா தலையக் குனிஞ்சிகினு, "ஆமா சார், நானேதான் வாங்கித் துன்னேன்"னு சொல்றாரு! எனக்கு அங்கியே நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சி.

— யோவ்.

— வுடுமே. ஏதோ பயம். துன்ட்டேன்.

— பயமா? புயல்ல கட்டுமரம் கவுந்து, ராத்திரி பூரா நீந்தி கரைக்கு வந்த ஆளு நீ! எங்கள வுட்டுப் போவணும்னு ஆசையா இருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே நைனா. நான் கல்யாணமே வேணான்னு இருந்திருப்பேனே!

— அப்பிடி சொல்லாத கண்ணு.

— யோவ், இங்க பாரு. எங்கியா வாங்குன?

— எங்கியோ. மந்தைவெளியில ஒரு கடையில.

— எந்தக் கடை?

— இன்னாமே, போலீசு மாதிரி கேட்டுகினு.

— எங்க வாங்குனா இன்னாம்மா இப்ப? துன்னதுதானே கேடு!

— கயலு, நீ போய் நைனாவுக்கு ஒரு சோடா வாங்கினு வா.

— இப்ப சோடா ஒண்ணுதான் கேடா?

— போடின்னா போ!

— போறேன். நல்லா நாலு கேள்வி கேளு அவர. நான் கேட்டா அழுதுடுவேன்.

— யோவ்... அவ பூட்டா. நாந்தான்யா. மாத்திரையால மாரு வீங்குது, கரையில பசங்க பாத்து சிரிக்கிறானுங்கன்னு நீ சட்டையே கழட்டாம கெடந்தியா, அந்த வெக்கத்துல நீயா நிறுத்திட்டு டாக்டரு மேல பழியப் போடுறன்னு நெனைச்சேன்யா. உன் உசுருதான் முக்கியம்னு பழைய சீட்டக் காட்டி வாங்கியாந்து, இடிச்சி, காலையில கஞ்சில கலந்து...

— மெதுவா பேசு. பொண்ணு இன்னும் தெருவுலதான் போய்கினு கீது.

— உனக்குத் தெரியுமா?

— நாக்குல மாவு மாவா ஒட்டுதே, தெரியாதா? மொத நாளே தெரியும்.

— பாவி! துப்பியிருக்கக் கூடாதா? ஏன்யா குடிச்ச?

— அது சோறுன்னு எனக்கும் இன்னிக்குத்தானே தெரியும். மருந்துதானே, இன்னா பண்ணிடப் போவுதுன்னு குடிச்சேன். நான் டம்ளர கீழ வைக்கிற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துகினு நிப்ப. காலியானா ஒரு சிரிப்பு சிரிப்ப. நான் நோவுல வுழுந்ததுலேர்ந்து நீ சிரிச்சது அப்ப மட்டும்தான்.

— அய்யோ என் சாமி! என் கையாலயே ஊட்டிட்டேனே! நான் அவகிட்ட சொல்லிடுறேன்யா. பெத்த பொண்ணு உன்ன இப்பிடி பேசுறத என்னால கேக்க முடியல.

— சொன்னீன்னா நான் செத்தாலும் உன்னோட பேச மாட்டேன்.

— அவ உன்ன வெறுத்துடுவாய்யா!

— வெறுக்கட்டும். நான் போறவன், எம்மேல கோவம் என்னோட பூடும். உம்மேல கோவம் வந்தா, நான் போன அன்னிக்கு அவ யாரக் கட்டிகினு அழுவா?