கண்ணாடியில் பாதி

– இது ஆஸ்பத்திரி பாய்லர் ரூம்மா. டாக்டர் இருக்காரா, வார்டுல யார் இருக்காங்கன்னு கேக்கறதுன்னா வேற நம்பர். சொல்றேன், எழுதிக்கிறீங்களா?

– எனக்கு பாய்லர் ரூம்தான் சார் வேணும். வச்சிடாதீங்க. உங்க பாய்லர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது.

– என்னது?

– தண்ணி சார். மொதல்ல முப்பது பர்சென்ட்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அப்புறம் இருபத்தஞ்சு. இப்ப பதினெட்டு. 'கொதிகலன் ஒன்று, நீர் மட்டம் குறைவு'ன்னு போட்டிருக்கு.

– யாருக்கு வந்துச்சு?

– எனக்குத்தான். ஆஸ்பத்திரி பேரும் அதுலயே இருக்கு. அங்க போன் போட்டேன், இங்க இணைச்சு விட்டாங்க.

– நீங்க யாரு?

– நான் துணி தைக்கிறவ. வீட்லயே மெஷின் போட்டிருக்கேன்.

– தையக்காரம்மாவுக்கும் என் பாய்லருக்கும் என்ன சம்பந்தம்?

– எட்டு மாசம் முன்னாடி புது சிம் வாங்கினேன். அதுலேர்ந்து இந்த மெசேஜ் அப்பப்ப வந்துக்கிட்டிருக்கு. எப்ப வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல 'சரியாகிவிட்டது'ன்னு இன்னொண்ணு வந்துடும். நானும் விட்டுடுவேன். இன்னைக்கு அது வரல. இருபது நிமிஷமா கீழதான் போகுது.

– பாருங்கம்மா. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த ரூம்ல வேகறவன். இப்பக்கூட பாய்லருக்கு எதிர்லதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். கண்ணாடிக் குழாய்ல பாதி வரைக்கும் தண்ணி நிக்குது. உங்க மெசேஜைவிட என் கண்ணு நிஜமில்லையா?

– தண்ணி ஆடுதா சார்?

– என்ன?

– கண்ணாடிக்குள்ள இருக்கற தண்ணி. மேலயும் கீழயும் லேசா ஆடிக்கிட்டே இருக்கணுமாமே. ஆடுதா, அப்படியே நிக்குதா?

– நிக்குது. அதனால என்ன?

– அந்தக் கண்ணாடித் தண்ணியை ஒரு தடவை வடிச்சுப் பாருங்களேன்.

– இது துணி தைக்கிறவங்க பேசற பேச்சா இல்லையேம்மா.

– எட்டு மாசமா மெசேஜ் வருதேன்னு யூடியூப்ல தேடிப் பார்த்தேன். ஒரு நிமிஷ வேலைதானே சார்? தண்ணி திரும்ப ஏறிடுச்சுன்னா என்னைத் திட்டிட்டு போனை வச்சிடுங்க.

– காலைல ஷிஃப்ட் ஏறும்போதே வடிச்சாச்சு.

– வடிச்சீங்களா, வடிச்சதா நோட்டுல எழுதினீங்களா?

– நல்லா கேக்கறீங்க கேள்வி. சரி, இருங்க. நல்ல வேளை கம்பியில்லாத போன். தோள்ல இடுக்கிக்கிறேன். இந்தக் கையுறையை எங்க வச்சேன்... ஆங். கண்ணாடிக்கு அடியில இருக்கற வடிகாலைத் திறக்கறேன். தண்ணி வருது, கேக்குதா?

– கேக்குது. மூடிட்டுப் பாருங்க. திரும்ப ஏறுதா?

– மூடிட்டேன். ஏறும். கொஞ்சம் பொறுங்க.

– ஏறுதா சார்?

– ஏறலம்மா.

– கொஞ்சம்கூடவா?

– கண்ணாடி காலி. அடி வரைக்கும் காலி. அப்ப இவ்வளவு நேரமா நான் பாத்துக்கிட்டு இருந்தது... பாய்லர்லேர்ந்து கண்ணாடிக்கு வர்ற கீழ்க் குழாய் அடைச்சிருக்கு. பழைய தண்ணி கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்டு நின்னிருக்கு. நான் அதைப் பாத்துக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கேன். இருங்க, பம்ப்பைப் போட்டு தண்ணி ஏத்திடறேன்.

– வேண்டாம். பம்ப்பைத் தொடாதீங்க.

– என்னம்மா சொல்றே, உள்ள தண்ணி இல்லம்மா.

– அதனாலதான் வேண்டாங்கறேன். உள்ள இரும்பு பழுத்துப் போயிருக்கும். அதுல பச்சத்தண்ணி பட்டா மொத்தமும் வெடிச்சிடும். நெருப்பை மட்டும் நிறுத்துங்க. சார், உங்க கை எங்க இருக்கு?

– பம்ப் சுவிட்ச் மேல.

– எடுத்துடுங்க.

– எடுத்துட்டேன்.

– சுவத்துல சிவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்குங்க.

– அமுக்கிட்டேன்.

– நின்னுடுச்சு. அந்த இரைச்சல் நின்னது எனக்கே கேக்குது. பக்கத்து ரூம்ல யாராவது இருக்காங்களா?

– இருக்காங்க. லாண்டரியில துணி மடிக்கறவங்க. பதினோரு பேர்.

– முதல்ல அவங்களை வெளியில அனுப்புங்க.

– அக்கா. அக்கா, எல்லாரும் எழுந்திருங்க. மடிச்சது மடிச்சபடி கிடக்கட்டும். பின் வாசல் வழியா வண்டி நிறுத்தற இடத்துக்குப் போயிடுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன். இல்லக்கா, சாப்பாட்டு டப்பாவெல்லாம் வேண்டாம், அது எங்கயும் ஓடாது. நீங்க ஓடுங்க. அந்தத் துணி வண்டிக்காரர்கிட்ட சொல்லி இன்ஜினியரைக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க... போயிட்டாங்கம்மா. கடைசி ஆள் வாசலைத் தாண்டியாச்சு.

– இப்ப நீராவி போற பெரிய வால்வை மூடணும். ஒரே மூச்சுல திருப்பிடாதீங்க. கால் சுத்து சுத்திட்டு நில்லுங்க. அப்புறம் இன்னொரு கால் சுத்து.

– அது எனக்குத் தெரியும்மா.

– தெரியும் சார். பம்ப்பும்தான் உங்களுக்குத் தெரியும்.

– ...அதுவும் சரிதான். கால் சுத்து ஆச்சு.

– நில்லுங்க.

– நீ பக்கத்துல நின்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு சொல்ற மாதிரியே இருக்கு.

– பேசாம சுத்துங்க.

– சுத்தறேன். இன்னும் கொஞ்சம்தான். அவ்வளவுதான், மூடியாச்சு.

– நீங்களும் வெளியில வந்துடுங்க. இனிமே அதுவா ஆறணும். நாம செய்ய ஒண்ணுமில்ல.

– வந்துட்டேன். சுவர் ஓரமா ஒரு பெரிய கல்லு கிடக்கு, அதுல உக்காந்துட்டேன். ஜன்னல் வழியா பிரஷர் முள்ளு தெரியுது. எட்டுல நிக்குது.

– இறங்கும். பாத்துக்கிட்டே இருங்க. அசைஞ்சா சொல்லுங்க.

– உன் பக்கத்துல யாரும்மா இருமறது?

– டிவி சார்.

– டிவியில இவ்வளவு நிஜமா இருமறாங்களா? சரி. எட்டுலேர்ந்து கொஞ்சம் கீழ வந்திருக்கு. ஏழரைன்னு வச்சுக்கலாம்.

– நல்லது.

– இருபத்திரண்டு வருஷம்மா. காஞ்ச பாய்லர்ல தண்ணி விடக்கூடாதுன்னு புதுசா வர்றவனுக்கு நான் சொல்லிக் குடுக்கற முதல் பாடமே அதுதான். அந்த நிமிஷத்துல கை தானா பம்ப்புக்குப் போகுது பாரு. நீ மட்டும் கத்தலேன்னா...

– நான் கத்தலையே.

– அதுதான். நீ கத்தியிருந்தா பதறிப்போய் அமுக்கியிருப்பேன். மெதுவாச் சொன்னே, அதுதான் கை நின்னுது. ஏழு. ஏழுக்கு வந்துடுச்சும்மா.

– சார், ஒண்ணு கேக்கட்டா? தண்ணி இவ்வளவு குறைஞ்சா மெசேஜுக்கு முன்னாடி அங்கயே சைரன் அடிக்கணுமே. அடிக்கலையா?

– எப்படி அடிக்கும்? வயரை நான்தான் வெட்டிப் போட்டேன்.

– ஏன்?

– அது என் அண்ணன் வச்ச பெட்டி. அண்ணனும் நானும் இதே பாய்லர்ல ஆளுக்கொரு ஷிஃப்ட். அவரு கண்ணாடியை நம்பவே மாட்டாரு. 'கண்ணாடிக்கு வாய் கிடையாதுடா, இல்லேன்னா இல்லேன்னு சொல்லத் தெரியாது'ம்பாரு. மேல இருக்கறவங்ககிட்ட ஒரு வருஷம் நடையா நடந்து இந்தப் பெட்டியை வாங்க வச்சாரு. பாய்லருக்குள்ள ஒரு கம்பி இறங்கும். தண்ணி எவ்வளவு இருக்குன்னு அதுக்குத் தெரியும். குறைஞ்சா சைரன் அடிக்கும், நெருப்பைத் தானே நிறுத்தும், அண்ணன் போனுக்கும் மெசேஜ் போகும்.

– நல்ல விஷயம்தானே சார்?

– நல்ல விஷயம்தான். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கும். அடிச்சா நெருப்பு நின்னு போகும். திரும்ப நீராவி ஏத்த முக்கால் மணி நேரம். அதுக்குள்ள லாண்டரி நிக்கும், ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து போன் வரும், ஆளாளுக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அண்ணன் அசரமாட்டாரு. 'அடிக்கட்டும்டா, அது சொல்றது உண்மை, தண்ணி ஏத்தற மிதவைதான் சிக்குது, அதை மாத்தச் சொல்லு'ம்பாரு. எனக்குத்தான் பொறுமையில்ல.

– அப்புறம்?

– ஒருநாள் பெரிய ஆபீசர் வந்து கேட்டாரு. பெட்டி சரியில்லையா, ஆள் சரியில்லையான்னு. எழுதிக் குடுக்கச் சொன்னாரு. நான் எழுதிக் குடுத்தேன்.

– என்னன்னு?

– பெட்டியும் சரியில்ல, எங்க அண்ணன் எல்லாரையும் வீணா பயமுறுத்தறாருன்னு. அஞ்சரைக்கு வந்துடுச்சும்மா முள்ளு.

– ம்.

– அண்ணனை பாய்லர்லேர்ந்து எடுத்து கிடங்குக்கு மாத்தினாங்க. அவரு என் காகிதத்தைப் படிச்சாரு, சாவியை மேஜை மேல வச்சாரு, போயிட்டாரு. கிடங்குக்கும் போகல, வேலையே வேண்டாம்னுட்டாரு. நான் அன்னைக்கு சாயங்காலமே ஏணி போட்டு ஏறி சைரன் வயரை வெட்டினேன். நெருப்பை நிறுத்தற வயரையும் கழட்டிட்டேன். பெட்டி மட்டும் அங்கயே இருக்கு. அது பாட்டுக்கு அண்ணன் நம்பருக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. அவரு அந்த சிம்மைத் தூக்கிப் போட்டிருக்காரு, அது உன்கிட்ட வந்திருக்கு. நான் கூப்பிடக் கூடாதுன்னே தூக்கிப் போட்டாரோ என்னவோ.

– நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?

– ஒரு தடவைகூட இல்ல.

– அவரு வீட்டுப் பக்கம்?

– எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு போறது? நாலு மாசம் முன்னாடி அவர் பையனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்துச்சு. ஆனா தபால்ல வந்துச்சு. சொந்தத் தம்பிக்குத் தபால்லயான்னு ஒரு வீம்பு எனக்கு. போகல. நான் தோள்ல தூக்கி வளர்த்த பையன்மா அவன். மருமகளா வந்த பொண்ணு யாரு, எப்படி இருப்பா, எதுவும் எனக்குத் தெரியாது.

– நல்ல பொண்ணாத்தான் சார் இருப்பா.

– இருக்கணும். அந்த வீட்ல என் அண்ணனை சமாளிக்கணுமே.

– சிரிக்க வைக்காதீங்க சார். முள்ளு எங்க இருக்கு?

– நாலு. இல்ல, நாலுக்கும் கீழ. இன்ஜினியர் வந்துட்டாரு, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாரு. என்ன சார்? ஆமா சார், தண்ணி விடல. நெருப்பு நிறுத்தி, வால்வு மூடியாச்சு. சரி சார். ...கேட்டியாம்மா? அப்படியே ஆறட்டும், பயமில்லைங்கறாரு. தியேட்டருக்கு ரெண்டு நாளைக்குத் தேவையான துணி கையிருப்புல இருக்காம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

– அப்பாடா.

– அப்பாடாதான். அங்க பதினோரு பேரும் வரிசையா நிழல்ல உக்காந்துக்கிட்டு என்னை முறைக்கிறாங்க. பசி. அதுல ஒரு அக்கா நிறைமாசக்காரி. கீழ்க் குழாய் அடைச்சு, கண்ணாடியைப் பாத்துக்கிட்டே நான் உக்காந்திருந்தா இந்நேரம்... வேண்டாம், சொல்ல வாய் வரல.

– சொல்லாதீங்க. அதான் ஒண்ணும் ஆகலையே.

– இன்னைக்கே ஏணி போட்டு ரெண்டு வயரையும் நானே சேத்துடறேன். வெட்டினது நான்தான்னும் எழுதிக் குடுத்துடறேன். அன்னைக்கு எழுதினது பொய்னு அதுலயே எழுதிடறேன். அதுக்கு என்ன பண்ணாலும் பண்ணட்டும். இன்ஜினியர் பக்கத்துலதான் நிக்கறாரு, காதுல விழட்டும். பெட்டி பொய் சொல்லல, எங்க அண்ணனும் பொய் சொல்லல. நான்தான்.

– அதை நீங்க உங்க அண்ணன்கிட்ட சொல்லணும் சார், என்கிட்ட இல்ல.

– சொல்லணும். சாயங்காலம் போகணும். கதவைத் திறப்பாரோ மாட்டாரோ. திறக்கலேன்னா வாசல்லயே நின்னு சொல்லிட்டு வரவேண்டியதுதான். நீ யாரோ எவரோ, உன்கிட்ட இவ்வளவும் கொட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதேம்மா. உன் பேச்சுல ஏதோ ஒண்ணு, சொந்தக்காரங்ககிட்ட பேசற மாதிரி இருந்துச்சு.

– தப்பா எடுத்துக்கல. சார், இங்க ஒருத்தர் ரொம்ப நேரமா போனைக் குடு குடுன்னு கையை நீட்டிக்கிட்டு இருக்கார். குடுக்கட்டுமா?

– யாரு, அந்த டிவிக்காரரா?

– நம்பரை நான் மாத்தவே இல்லடா. என் குரலைக் கேட்டா நீ போனை வச்சிடுவேன்னுதான் மருமகளைப் பேச விட்டேன். செருப்பு மாட்டிட்டேன், அவளையும் கூட்டிக்கிட்டு வர்றேன். நான் வந்து சேர்ற வரைக்கும் எதையும் தொடாம அந்தக் கல்லு மேலயே உக்காந்திரு.